வலைநூலில் கட்டிய சாம்பு

இதழ்த் தாள்களை வெட்டிச் சேர்த்த அந்தக் கட்டின் முதுகுத் தையலைப் போட்டது புத்தகம் கட்டிப் பழகிய கை அல்ல. நூல் தடித்த பருத்தி வலைநூல். ஒவ்வொரு முடிச்சும் கரைவலையின் கண்ணில் விழுகிற அதே இறுக்கத்தோடு கிடந்தது. முன்னும் பின்னும் காட்போட் அட்டை, அதற்கு மேல் கோதுமை மாப் பசையில் ஒட்டிய பழுப்புத் தாள். தலைப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. முதற்பக்கமே ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கியது. இராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தாலும் எழுத்தை அவ்வளவாகத் தொடவில்லை.

"அப்பா வெட்டி வெட்டிச் சேர்த்தது மகன். மழை நாளில வாசிச்சுக் காட்டுவார். எழுதினது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது, அந்த மூக்குப் பெரிய ஆளைத்தான் தெரியும்" என்றார் வீட்டுப் பெரியம்மா.

அந்த வீடு இருக்கும் கண்டக்குழி கற்பிட்டித் தீபகற்பத்தின் ஒடுங்கிய மணல் நிலத்தில் இருக்கிறது. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. சோளகம் வீசத் தொடங்கினால் இன்று காற்றாடிப் பலகையோடு வெளிநாட்டார் வந்து இறங்கும் கரை இது. தெற்கே தலவில புனித அன்னம்மாள் ஆலயம், வடக்கே கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை. இங்கே பழைய வாசிப்புப் பழக்கத்தைத் தேடிப் போவானேன் என்று கொழும்பில் நண்பர்கள் கேட்டார்கள். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டிதான் 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 'தமிழ் புளூட்டாக்' என்று ஆங்கிலத்தில் நூலாக்கினார். புலவர் வரலாறு தேடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பது என் பதில். அவருக்காவது புலவர்களின் பெயர் தெரிந்திருந்தது.

பெயரைக் கண்டுபிடிப்பது சுலபமாகவே முடிந்தது. நாலாம் பக்கத்தில் வேம்பு என்ற மனைவி வந்தாள். அடுத்து இன்ஸ்பெக்டர் கோபாலன் வந்தார். அசடு என்று வங்கியில் எல்லோரும் எண்ணிய ஒரு குமாஸ்தா வேலையை இழந்து, தற்செயலாகத் துப்பறிவாளராகி, தான் எப்படி வென்றோம் என்று தனக்கே புரியாமல் வென்றுகொண்டிருந்தார். 'துப்பறியும் சாம்பு'. எழுதியவர் தேவன் என்ற ஆர். மகாதேவன், ஆனந்த விகடன். எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறு விஷயம். வாராவாரம் சென்னையில் அச்சான தாள்கள் இந்த வாடிக்கரைக்கு எப்போது, எந்த வழியாக வந்தன? வந்தவை ஏன் மீன் சுற்றப் போகாமல் புத்தகமாயின?

தேவன் 1913 செப்டம்பர் 8ஆம் திகதி திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணம் அரசு கல்லூரியில் பி.ஏ. படித்தார். முப்பதுகளின் முற்பகுதியில், கல்கி இருந்த விகடனுக்கு இருபது வயதை ஒட்டிய இளைஞராகப் போய்ச் சேர்ந்தார். கல்கி வெளியேறிய பின் நாற்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரியப் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 1957 மே 5ஆம் திகதி இறக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. வயது நாற்பத்து மூன்றுதான். வெளியூர் அனுபவமும் உண்டு. 'ஐந்து நாடுகளில் அறுபது நாள்' என்று பயணநூலே எழுதியிருக்கிறார். ஆனால் சாம்பு கதைகளில் ஐந்து நாடு இல்லை. தெருத் திண்ணை, வெற்றிலைச் செல்லம், நகை காணாமல் போன கல்யாண வீடு, பக்கத்து வீட்டு வம்பு. களம் சென்னையாக இருந்தாலும் உள்ளே குடியிருப்பது காவிரிக்கரைச் சிற்றூர்தான்.

கும்பகோணத்திலிருந்து மாயவரம் பாதையில் பஸ் ஏறித் திருவிடைமருதூருக்கும் போய்ப் பார்த்தேன். மகாலிங்க சுவாமி கோயிலைச் சுற்றிய தேர் வீதிகளில், ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்தால் நாலு வீட்டுச் செய்தி காதில் விழும் அமைப்பு இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் ஓர் ஆங்கிலக் கிராமத்து நாற்காலியில் உட்கார்ந்து கொலைகாரனைக் கண்டுபிடித்தார். அவருக்குக் கூர்மை உதவியது, சாம்புவுக்கு அசட்டுத்தனம் உதவியது. இரண்டு பேருக்கும் தெரிந்த உலகம் ஊர்வம்புதான். தேவனுக்கு முன் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் தமிழில் துப்பறியும் நாவலைக் கொடிகட்டிப் பறக்கவிட்டார்கள். அவர்களிடம் மர்ம மாளிகையும் மாறுவேடமும் நிறைய. பயம் காட்டாமல் துப்பறியும் கதை சொல்ல முடியும் என்று வாசகரை நம்பவைத்தவர் தேவன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் இந்தக் கரையில் உரக்க வாசித்ததற்கு அதுவும் காரணமாக இருக்க வேண்டும்.

இனி காலம். கதையை விட்டுவிட்டுத் தாளின் மறுபக்கத்தைப் படிக்கத் தொடங்கினேன். வெட்டியவர் கதையைத்தான் பார்த்து வெட்டினார், பின்னால் இருந்த விளம்பரங்கள் பாதி பாதியாக அகப்பட்டுக்கொண்டன. ஒன்றில் பெரிய முரசின் மேல் ஆடும் பெண்ணின் கால்கள் மட்டும் தெரிந்தன. விகடன் அதிபர் எஸ். எஸ். வாசனின் ஜெமினி எடுத்த 'சந்திரலேகா', 1948 ஏப்ரலில் வெளிவந்தது. இன்னொரு நறுக்கின் பின்னால் 'ஔவையார்', அது 1953. அட்டைக்கு உட்புறம் கனம் கூட்டுவதற்காக ஒட்டியிருந்த இரண்டு விகடன் மேலட்டைகளில் விலை அணாவில் இருந்தது. இந்தியா நயா பைசாவுக்கு மாறியது 1957 ஏப்ரல் 1இல், தேவன் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு. தையல் நூலும் அதையே சொன்னது. நைலோன் நூல் நம் கரைகளில் பரவியது ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்துதான். ஒரு சாட்சி தனியாக நின்றால் நான் நம்பமாட்டேன். பழைய மேலட்டை யார் வீட்டிலும் கிடக்கும், பழைய நூலும் அப்படித்தான். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டியதால் கட்டு தேவன் உயிரோடு இருந்த காலத்தில் தைக்கப்பட்டது என்று கொள்கிறேன்.

வந்த வழியும் ஊகிக்கக்கூடியதே. 1914 முதல் சென்னை ரயில் தனுஷ்கோடியில் நிற்க, கப்பல் தலைமன்னாருக்குக் கடத்த, அங்கிருந்து கொழும்புக்கு மறு ரயில். போட் மெயில் என்று சொன்னால் எங்கள் தாத்தாமாருக்கு முகம் மலரும். கொழும்பிலிருந்து புத்தளம் வரை தண்டவாளம் இருந்தது. புத்தளத்திலிருந்து களப்பு வழியே வள்ளம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பாதையின் இந்தியப் பக்கம் அறுந்துபோனது.

ஒவ்வொரு நறுக்கின் மூலையிலும் பென்சிலில் ஒரு திகதி இருந்தது, இதழ் கைக்கு வந்த நாள். இதைக் கவனிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. வருடம் மாறினாலும் ஒரு பழக்கம் மாறவில்லை: மே கடைசியில் திகதிகள் நின்றுவிடும், ஒக்டோபரில் மறுபடி தொடங்கும். பெரியம்மாவிடம் கேட்டபோது சிரித்தார்.

"சோளகத்துக்கு இஞ்ச ஆர் இருந்தது மகன்? கொக்கிளாய்ப் பக்கம் வாடி போட்டுப் போயிடுவம்."

மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் புத்தளம், சிலாபம், நீர்கொழும்புக் கரைகளின் மீனவக் குடும்பங்கள் கிழக்குக் கரைக்குப் பெயர்வது நெடுங்கால வழக்கம். அந்த மாதங்களில் சாம்பு பிடித்த திருடர்கள் இந்த வீட்டைப் பொறுத்தவரை பிடிபடவே இல்லை.

விடுபட்ட இதழ்களைத் தேடினால் நம் நாட்டு ஆவணக் காப்பகம் கைகொடுக்காது. 1885ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி இங்கே அச்சானவைதான் அரசுப் பதிவேட்டில் ஏறின. இறக்குமதி விகடனுக்கு அங்கே இடமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய ஆவணகமும், நியாயமாகவே, ஈழத்து எழுத்தைத்தான் முதலில் காக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்ச் செட்டியார் ஒருவர் நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று ஊர் சிரிக்கச் சிரிக்கச் சேர்த்த தொகுப்பு, அவர் இறந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வழியாக 1994இல் நூலகமாயிற்று. ஆண்டுவாரியாகக் கட்டிய இதழ்களை அப்படிப்பட்ட இடங்களில்தான் தேட வேண்டும். ஆனால் அங்கே இருப்பது விகடன் முழுசாக. கண்டக்குழியில் இருப்பது ஒரு வாசகர் தேர்ந்தெடுத்த தேவன்.

இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தேவன் இருந்த காலத்தில் அவர் கதைகள் புத்தகமாக வெளிவரவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் ஆதங்கத்தோடு சொல்வார்கள். 'கோமதியின் காதலன்' 1955இல் திரைப்படமாகக்கூட வந்துவிட்டது. புத்தகம்தான் பிந்தியது. இன்று அல்லயன்ஸ், கிழக்கு பதிப்பகங்கள் வழியே கடைக்குக் கடை கிடைக்கும் சாம்புவை அன்று ஒரே நூலாகக் கையில் வைத்திருக்க வேண்டுமானால் கத்தரிக்கோல், பசை, நூல் மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஆயிரம் வீடுகளில் இந்த வேலை நடந்தது, பெரும்பாலும் பெண்கள் கையால். பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் முதற்பதிப்பு எது என்று சண்டை போடும்போது இந்தக் கட்டுகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வாசகர் போட்ட பதிப்பு பதிப்பில்லையா?

பெரியம்மா கட்டைத் தர மறுத்துவிட்டார், அது அவர் உரிமை. பக்கம் பக்கமாகப் படம் எடுக்க மட்டும் சம்மதித்தார். அந்தப் படங்களுக்கு இப்போது ஒரு பட்டியல் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர்: தேவன். மூலம்: ஆனந்த விகடன், சென்னை. காலம்: 1957 ஏப்ரலுக்கு முன். பதிப்பிடம் என்ற கட்டத்தில் கண்டக்குழி என்றே போட்டிருக்கிறேன். நூலகவியல் படித்த நண்பர் ஒருவர் அது விதிக்குப் புறம்பு என்கிறார், நான் அழிப்பதாக இல்லை.