கவண்பொறியில் காத்திருந்த ஆற்றல்

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை 1304-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு முற்றுகையிட்டான். உள்ளே சர் வில்லியம் ஆலிபண்டின் தலைமையில் ஒரு சிறு படையே இருந்தது. மதில் தகர்க்கும் பீரங்கிகள் தோன்றாத காலம் அது. மன்னன் பெரிதும் நம்பியவை கவண்பொறிகளே. அவற்றுள் மிகப் பெரியதற்குப் 'போர் ஓநாய்' என்று பெயர்.

அதன் அமைப்பு எளியது. உயர்ந்த சட்டத்தின்மீது ஓர் அச்சு. அச்சில் ஒரு நீண்ட மரத்துலா. துலாவின் குறுகிய முனையில் பெரும் எடை தொங்கும். நீண்ட முனையில் கல்லை ஏந்திய கவண் கட்டப்பட்டிருக்கும். வீரர்கள் உருளையைச் சுழற்றி நீண்ட முனையைக் கீழே இழுப்பார்கள். அப்போது எடை மெல்ல மேலே ஏறும். அவர்களுடைய உடலுழைப்பு அந்த எடையில் நிலை ஆற்றலாகச் சேர்ந்து நிற்கும். கொக்கியை விடுவித்ததும் எடை வீழ, துலா சுழன்று, கவண் கல்லை வீசும். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறிவிட்டது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 கிலோகிராம் எடை 3 மீட்டர் வீழ்ந்தால் ஏறத்தாழ 1,47,000 ஜூல் ஆற்றல் வெளிப்படும். அதனால் 100 கிலோகிராம் கல்லொன்று வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பறந்தால், கல் பெற்றது 80,000 ஜூல். எஞ்சியது எங்கே? துலாவின் அசைவிலும், எடையின் ஊசலாட்டத்திலும், அச்சின் உராய்வு வெப்பத்திலும் அது பிரிந்துவிடுகிறது, அழிந்துபோவதில்லை. பறந்த கல்லின் ஆற்றலோ மதிலின் பிளவாகவும் ஒலியாகவும் வெப்பமாகவும் முடிகிறது.

ஆகவே பொறி தானாக எதையும் படைப்பதில்லை. பலர் நெடுநேரம் உழைத்த உழைப்பை ஒரே நொடியில் திருப்பித் தருகிறது. அதன் பின்னணியில் எத்தனை உழைப்பு! முற்றுகைப் பொறிகளின் எடைக்கென்று தேவாலயக் கூரைகளின் ஈயத்தைக்கூடப் பெயர்த்துவர மன்னன் ஆணையிட்டிருந்தான்.

ஜூலை மாதத்தில் கோட்டையினர் சரணடைய முன்வந்தனர். மன்னன் உடனே இசையவில்லை. போர் ஓநாயைச் சோதித்துப் பார்த்த பின்னரே, ஜூலை 24-ஆம் நாள் சரணாகதியை ஏற்றான்.

உயர்த்திய எடை கொக்கி விடுபடும்வரை அசையாது நிற்கும். அந்தக் கொக்கியை விடுவிப்பதா, வேண்டாவா என்று முடிவு செய்வது இயற்கை விதியன்று, மனிதனின் மனமே.