விளையாட்டுப் பொருள்களும் வீட்டு வரலாறும்: சுன்னாகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அரசரையும் போரையும் ஆட்சி மாற்றத்தையும் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் கூறுகின்றன. ஒரு குடும்பம் எதனை உண்டது, எதனை வாங்கியது, எதனை எறிந்தது என்பவற்றைக் கூறும் சான்றுகளோ மிகச் சில. வீட்டிலே கழிந்த பொருளைக் கொண்டு பெரியோரும் சிறுவரும் கூடிச் செய்த விளையாட்டுப் பொருளை அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். வலிகாமத்திலே சந்தையாற் பெயர்பெற்ற சுன்னாகத்தையும் அதன் அயலையும் களமாகக் கொண்டு இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலக்கியம் சிறுவர் விளையாட்டைப் புறக்கணித்ததன்று. தச்சன் செய்த சிறுதேரைச் சிறுவர் கையால் இழுத்து மகிழ்வதைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாக்குகின்றது. பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் இடம்பெறுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிறுதேர் தனியொரு பருவமாகவே அமைந்துள்ளது. எனினும் குறுந்தொகை காட்டும் தேர் கைவினைஞன் ஆக்கியளித்தது. எச்சப் பொருளைக் கொண்டு வீட்டார் தாமே செய்தவை ஏட்டில் ஏறுதல் அரிது.

குடாநாட்டில் இவ்வரலாற்றின் முதற்படை பனையும் தென்னையுமாகும். நுங்குண்டபின் எஞ்சும் கோம்பைகள் இரண்டினை ஒரு தடியின் இரு முனைகளிலும் செருகி, கவைத்தடியொன்றாற் தள்ளினால் அது வண்டியாயிற்று. வேலி அடைப்பதற்கென எடுத்த ஓலையின் துண்டு காற்றாடியாயிற்று. சிறுகற்களை உள்ளிட்டுப் பின்னியபோது கிலுகிலுப்பையாயிற்று. சிரட்டை மணற்சோறு ஆக்கும் கலமாயிற்று. இவை யாவும் சில நாளில் உலர்ந்து மண்ணொடு மண்ணாவன. ஆதலின் தொல்லியலாளனுக்கு இவை கிட்டா. செய்முறை மட்டுமே தலைமுறைதோறும் எஞ்சி வந்தது.

இரண்டாவது படை தகரமாகும். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தொடங்கி, 1905இல் தென்னிலங்கையுடன் இணைந்த புகையிரதப் பாதை சுன்னாகத்தின் ஊடாகவே சென்றது. கடைச்சரக்குகள் பெருகப் பெருக, பால்பேணியும் நெருப்புப்பெட்டியும் நூற்கட்டையும் சிறுவர் கையை அடைந்தன. நூல் தீர்ந்த மரக்கட்டையின் துளையிலே இறப்பர் வளையத்தைக் கோத்து, ஒருபுறம் மெழுகுதிரித் துண்டும் குச்சியும் பொருத்தி முறுக்கிவிட்டால் அது தானே ஊரும். முறுக்கில் அடங்கிய ஆற்றல் இயக்கமாக வெளிப்படுதலை ஏட்டிற் படிக்குமுன்னரே பிள்ளை கையால் அறிந்துகொண்டது.

மூன்றாவது படை தட்டுப்பாடாகும். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் புகையிரதம் நின்றது, மின்சாரம் தடைப்பட்டது, எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலியன பொருளாதாரத் தடைக்குள்ளாயின. பஞ்சில் ஊறிய சிறிதளவு மண்ணெண்ணெயால் எரியும் ஜாம் போத்தல் விளக்கு வீடுதோறும் ஒளி தந்தது. மிதிவண்டியின் தைனமோ வானொலியை இயக்கிற்று. இங்கு ஓர் உண்மை கவனித்தற்குரியது. கழிபொருள் என்பது ஓரளவு மிகுதியுள்ள வீட்டிலேயே உண்டு. போத்தலே விளக்காகவேண்டிய வீட்டில், அது பிள்ளையின் கையை அடையுமுன் வீடே அதனை மீட்டுக்கொண்டது. தேய்ந்த செருப்பும் பழைய ரயரும் போன்று, வேறெதற்கும் உதவாதவையே சக்கரங்களாக எஞ்சின. ஆதலின் அக்காலத்து விளையாட்டுப் பொருளைப் புகழும்போது அதனைத் தோற்றுவித்த இல்லாமையையும் சேர்த்துப் புகழ்ந்துவிடலாகாது. பிள்ளையின் ஆற்றல் போற்றத்தக்கது. அதனை அவ்வாறு சோதித்த நிலைமை போற்றத்தக்கதன்று.

வறுமையின்றியும் இக்கலை வாழும் என்பதற்கு இந்தியாவிற் சான்றுண்டு. பொறியியலாளரான அரவிந்த் குப்தா 1978இல் ஹோஷங்காபாத் அறிவியற் கல்வித் திட்டத்தில் இணைந்து, பின்னர் தீக்குச்சி, மிதிவண்டி வால்வுக் குழாய் முதலியவற்றாற் கணிதத்தையும் அறிவியலையும் கற்பிக்கும் விளையாட்டுப் பொருள்களைப் பரப்பினார். அவர் செய்முறைகளை எழுதிவைத்தமையால் அவை பிற மொழியினர்க்கும் பயன்பட்டன. நம்மவரோ செய்தனர்; எழுதிவைத்தமை குறைவு.

2015 சனவரியில் புகையிரதம் மீண்டும் சுன்னாகத்தைக் கடந்து காங்கேசன்துறை வரை சென்றது. கடைகளில் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள்கள் நிறைந்துள்ளன. அவை உடைந்தபின்னும் அழியா. நுங்கு வண்டி உருட்டிய முதியோர் மறைந்து வருகின்றனர். தடைக்காலச் சிறுவர் இன்று பெற்றோராயுள்ளனர்; அவருட் பலர் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பொருளின் பெயர், அது கழிந்த இடம், பயன்பட்ட கருவி, கற்பித்தவர் யார் என்னும் நான்கையேனும் வரலாற்று மாணவர் தத்தம் ஊரிற் கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். தம் பிள்ளையோடு அமர்ந்து ஒருமுறை செய்துகாட்டுமாறு அவரை வேண்டுதல் அதனினும் நன்று. சொல்ல மறந்ததைக் கை மறவாது.