இலங்கை முன்னாள் படையினர் நலச் சட்டங்கள்

படைச்சேவையில் உயிரையோ உடலுறுப்பையோ இழந்தவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஓய்வூதியம், மறுவாழ்வு, வீட்டு உதவி ஆகியவற்றை வழங்க இலங்கையில் இயற்றப்பட்ட சட்டங்களும் அவற்றுக்கான கோரிக்கைகளும். தீவின் முதன்மைக் கடற்படைத் தளமான திருகோணமலைத் துறைமுகம் இந்த வரலாற்றின் பல கட்டங்களில் இடம்பெறுகிறது.

குடியேற்றக் காலம்

முதலாம் உலகப் போரின் பின் ஆண்டுதோறும் அப்போர் ஓய்ந்த நவம்பர் 11ஆம் நாளையொட்டி விற்கப்பட்ட பொப்பிப் பூவின் வருவாயில் பெரும்பகுதி பிரித்தானிய வீரர்களுக்கே போய்ச் சேர்ந்தது. உள்ளூர் முன்னாள் வீரர்கள் கவனிப்பாரின்றி இருந்ததைக் கண்டு, தாமும் முன்னாள் வீரரான ஏலியன் பெரேரா 1931இல் அவர்களுக்காகப் பூவரசம் பூ விற்கும் சூரியமல் இயக்கத்தைத் தொடங்கினார். பின்னர் இளைஞர் கழகத்தினர் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தெடுத்தனர். நாட்டுக்காகப் போருக்குப் போனவனை யார் பார்ப்பது என்ற கேள்வியைப் பொதுமக்கள் முன் வைத்த பெருமை இந்த இயக்கத்துக்கு உண்டு.

1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் இலங்கைத் தொண்டர் கடற்படை உருவாயிற்று. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்கள் பலர் நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையில் உறங்குகின்றனர்.

சுதந்திரத்தின் பின்

1949ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டம், வான்படைச் சட்டம், 1950ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம் ஆகியன முப்படைகளுக்கும் அடித்தளமிட்டன. ஓய்வூதியமும் பணிக்கொடையும் இச்சட்டங்களின் கீழான விதிகளால் தீர்மானிக்கப்பட்டன. 1957 அக்டோபர் 15இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கையளித்தனர். படையினரின் மனைவி மக்களுக்கெனத் தனி ஓய்வூதியத் திட்டம் 1970இல் சட்டமாயிற்று. பெண் படையினரின் கணவர்மாரையும் பிள்ளைகளையும் உள்ளடக்கும் சட்டம் 1998இல் வந்தது.

உள்நாட்டுப் போர்க் காலம்

சமாதான காலத்துக்கென எழுதப்பட்ட விதிகள் அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான நீண்ட போரின் இழப்புகளைத் தாங்கவில்லை. 1995 ஏப்ரல் 19இல் விடுதலைப் புலிகள் திருகோணமலைத் துறைமுகத்தில் சூரய, ரணசுரு என்னும் இரு பீரங்கிப் படகுகளைத் தகர்த்ததோடு அப்போது நடைமுறையிலிருந்த போர்நிறுத்தம் முறிந்தது. அதன்பின் காயமடைந்தோர் தொகை பெருகவே, 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகார சபை நிறுவப்பட்டது. உடலுறுப்பு இழந்த முப்படையினர், பொலிஸார் ஆகியோரின் மறுவாழ்வும், இறந்தோர், காணாமற்போனோரின் குடும்ப நலனும் அதன் பொறுப்பாயின.

2006 அக்டோபர் 16இல் ஹபரணைக்கு அருகே திகம்பத்தனையில் கடற்படையினரின் பேருந்துகள்மீது நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். திருகோணமலைக்குப் போய்வந்த படையினர் பேருந்து மாறிய இடம் அது. படையினருக்கு வீடமைக்கும் ‘அபி வெனுவென் அபி’ நிதியம் 2008இல் சட்டபூர்வமாயிற்று.

போருக்குப் பின்

12 ஆண்டுச் சேவையை நிறைவுசெய்யுமுன் காயத்தால் விலக நேர்ந்தவர்கள் ஓய்வூதிய உரிமை கோரி 2018, 2019ஆம் ஆண்டுகளில் கொழும்புக் கோட்டையில் போராடினர். சேவைக்காலத்தை அளவுகோலாகக் கொண்ட விதி, சேர்ந்த சில ஆண்டுகளிலேயே காலை இழந்த இளைஞனுக்கு நியாயம் செய்யாது என்பதே அவர்களின் வாதம்.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வடக்கு கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்ட பொதுமக்களும், போர்முனையில் காணாமற்போன படையினரும் ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றனர். இறப்புச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாத குடும்பங்கள் ‘காணப்படாமைச் சான்றிதழ்’ பெறவும் அவ்வாண்டு வழி பிறந்தது.

மதிப்பீடு

இச்சட்டங்களுள் பல இழப்புகளுக்குப் பின்னரே வந்திருக்கின்றன. அதனாலேயே உதவிகள் பல சட்டங்களிலும் விதிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி வீதியோரம் அமர்ந்த தாய்மாருள் திருகோணமலையினரும் அடங்குவர். அவர்களுக்கும் படைவீரனின் தாய்க்கும் ஒரே நியாயத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்டுள்ளது. அதை நடைமுறையில் நிறைவேற்றுவது அரசின் கடன்.