மண்ணெண்ணெய் குடித்த ஏ போட்டி

யாழ்ப்பாணத்துக் கலியாணப் படங்களில் பழைய கார் ஒன்று நிற்பது இப்போது வழமையாகிவிட்டது. பொம்பிளையும் மாப்பிளையும் ஒஸ்ரின் காரின் மட்காட்டில் சாய்ந்து நிற்பினம், பின்னால் பனங்கூடல். எங்களில் ஒருவரின் மாமா வீட்டுக் கொட்டிலில் கிடந்த ஏ40 சோமசெற்றை நாங்கள் தூசு தட்டத் தொடங்கியதும், உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு படத்துக்காகத்தான். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் கதை வேறு பக்கம் திரும்பியது.

முதலில் காரைப் பற்றி. பிரித்தானியாவின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1947 இல் ஏ40 டெவன் வந்தது. அதற்குப் பிறகு 1952 முதல் 1954 வரை சோமசெற். இரண்டிலும் 1200 சிசி எஞ்சின். எங்கட ஊரில் எல்லாமே 'ஏ போட்டி'தான். அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுகியபோது, கையில் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வழியிருக்கவில்லை. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு ஜப்பான் கார்கள் வந்தன. அத்தோடு இவை பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டியவை. ஆனால் இங்கே வாடகைக் கார்களாக நின்று பிடித்தன.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகம் என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக வந்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் என்று வந்த அந்த எண்ணெயில்தான் கார்களும் ஓடின.

இதை 'எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்' என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குப் போதவில்லை. எப்படி ஓடியது என்று மாமாவிடம் கேட்டோம். பெற்றோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. அதனால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ராட் பண்ண முடியாது. காபரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் இதற்கென்று வைத்திருந்த சின்னப் போத்தல்தான் 'சூப்பி'. ஏ போட்டியில் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டி இருக்கின்றன. புகையின் சூடு உள்ளே போகும் எண்ணெயை ஆவியாக்க உதவும். அந்தச் சூடு குறையாமல் இருக்க ரேடியேற்றருக்கு முன்னால் மட்டை வைத்ததாக மாமா சொன்னார். இன்னொன்று, இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2 க்கு 1. இன்றைய கார்களில் அது பெரும்பாலும் 10 ஐத் தாண்டும். அவ்வளவு அமுக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினை அடிக்கும். பழைய எஞ்சினின் பலவீனம்தான் அதைக் காப்பாற்றியது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1949 இல் வந்த பேர்குசன் ட்ராக்டரின் ஒரு வகை இப்படித்தான் வேலை செய்தது: பெற்றோலில் ஸ்ராட், சூடேறியதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய். அங்கே பொறியியலாளர்கள் தொழிற்சாலையில் கணக்குப் போட்டுச் செய்ததை, இங்கே கொட்டிலுக்குள் காதால் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். பற்றறி ஸ்ராட்டரைச் சுற்ற வலு இல்லாமல் கிடக்கும். முன்னால் ஹாண்டிலைப் போட்டுக் கையால் சுற்றுவார்கள். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது காலைத் தேத்தண்ணி போல அன்றாட வேலை.

மாமா இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் 1995 ஒக்ரோபர் 30 பற்றிக் கேட்டபோது சிரிக்கவில்லை. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இந்தக் காரும் சனத்துக்குள் ஊர்ந்தது. உள்ளே ஏழு பேர், மேலே பாய் மூட்டை. "நிண்டு ஆறிச்செண்டா திருப்பி எடுக்கப் பெற்றோல் இல்லை தம்பி. அதாலை விடியும்வரை எஞ்சினை நிப்பாட்டேல்லை." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

இனி ஹெட்டைக் கழற்றிய கதை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் தண்ணியாகும், இரும்பு இரும்போடு தேயும். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பார்த்தோம். படி போல ஒரு வரம்பு தட்டுப்பட்டது. பிஸ்ரன் வளையம் போய்வந்த இடம் அவ்வளவுக்குக் கரைந்திருக்கிறது. பிஸ்ரனின் தலையில் கரியைத் துடைத்தபோது 060 என்ற இலக்கம் தெரிந்தது. சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு குடைந்து, பெரிய பிஸ்ரன் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கு மேல் குடைய இடமில்லை. ஸ்லீவ்தான் போட வேண்டும். பொருளாதாரத் தடை பற்றி எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறோம். ஆனால் அதை நகத்தால் தொட்டது இதுதான் முதல் தடவை.

அதே தொண்ணூறுகளில் தெற்கில் மொறிஸ் மைனர் காரின் உடற்பாகங்களைக் கையால் அடித்துச் செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஒரே தீவிலிருந்து அங்கே மட்காட் கப்பலேறிய காலத்தில் இங்கே பிளக்குக்குத் தடை இருந்தது என்பதை இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லுபவர்கள் குறைவு.

எங்களுக்குள் இப்போது ஒரு சண்டை. பழைய எஞ்சினை வைத்திருக்க வேண்டும், அது ஒரு ஆவணம் என்கிறோம் நாங்கள் பாதிப்பேர். மற்றப் பாதியும் மாமாவும் ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் போடலாம் என்கிறார்கள். ஸ்லீவ் போட ஆகும் செலவைக் கேட்ட பிறகு எங்கள் பக்கத்தில் ஆள் குறைந்துவிட்டது. மாமாவுக்கு இந்தக் காரில் இன்னொரு தரம் சாவகச்சேரி போய்வர வேண்டும், பெற்றோலில், பகலில். அந்த ஆசைக்கு முன்னால் ஆவணம் என்று நாங்கள் வாதாடுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மாமா சம்மதித்தார். எஞ்சினை இறக்கினால் இரும்புக் கடைக்குக் கொடுப்பதில்லை. நாலு பிஸ்ரனையும் படம் எடுத்து, இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, ஒயில் பூசிச் சாக்கில் சுற்றி, கொட்டிலின் மூலையில் பலகைக்கு மேல் வைத்திருக்கிறோம்.