கல்லோயாப் படகுச் சஃபாரி

இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில், வழிகாட்டியோடு படகில் சென்று யானைகளையும் நீர்ப்பறவைகளையும் பார்க்கும் பயணமே கல்லோயாப் படகுச் சஃபாரி. அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலையில் படகு ஏற வேண்டும். யால, உடவளவை, மின்னேரியா ஆகிய காடுகளை மக்கள் ஜீப்பில் சுற்றிப் பார்க்கிறார்கள். கல்லோயாவில் நீரே பாதை.

ஊவா மலையகத்தாருக்கு இந்த நீர் அந்நியமானதல்ல. கல்லோயா ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டில் பிறந்து, 108 கிலோமீட்டர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. கிழக்கிலங்கைத் தமிழர் அதைப் பட்டிப்பளை ஆறு என்பார்கள். மனிதர்களுக்கும் ஏறத்தாழ அதே திசையில் ஒரு வழி உண்டு. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை ஊடாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதி, லுணுகலைத் தேயிலைச் சரிவுகளை விட்டு வளைந்து வளைந்து இறங்கி, தோடம்பழத்துக்குப் பேர்போன பிபிலையை அடைகிறது. அதற்கு அப்பால் நில்கலைக் காடு. பூங்காவுக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு வாசல் இருக்கிறது.

இந்தச் சமுத்திரம் இயற்கை தந்ததல்ல. பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க காலத்தில், 1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் ஆற்றை மறித்து அணை கட்டியது. சுமார் 95 கோடி கனமீட்டர் நீரைத் தேக்கக்கூடிய குளம் உருவானது. கீழ்நிலத்து நெல்வயல்களுக்குப் பாசனம், வெள்ளத் தடுப்பு, மின்சாரம் என்று மூன்று பயன்களைக் கருதித்தான் அதைக் கட்டினார்கள். யானை பார்க்கும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. குளத்தில் மண் சேராமல் இருக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள நீரேந்து காடு வெட்டப்படாமல் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்காகவே 1954 பெப்ரவரி 12ஆம் தேதி 25,900 ஹெக்டயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் அபிவிருத்திச் சபையின் பொறுப்பில் இருந்த பூங்கா, பின்னர் வனசீவராசிகள் திணைக்களத்தின் கைக்கு வந்தது.

இந்த நீருக்கு அடியில் ஒரு வரலாறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் குளத்தின் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஹெனபெத்த, தானிகல போன்ற இடங்களில் வாழ்ந்த ஆதிகுடிகளான வேடர்களின் வேட்டைக் காடுகளும் தேன் எடுக்கும் பாறைகளும் குளத்துக்குள் போயின. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘வேடர்கள்’ பற்றிய ஆய்வு நூலில் விரிவாக வரும் குடும்பங்கள் இவர்களுடையவை. காட்டைவிட்டு வெளியேற்றி அவர்களைக் குடியேற்றக் கிராமங்களில் அமர்த்தினார்கள். பாசனத் திட்டத்தோடு வந்த பெருங்குடியேற்றம் கிழக்கு மாகாணத்தின் மக்கள்தொகை அமைப்பையே மாற்றியது. 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிராக வெடித்த வன்முறையில் பலர் உயிரிழந்தனர். சுதந்திர இலங்கை கண்ட முதல் பெரிய இனக்கலவரங்களில் அது ஒன்று.

இன்று படகில் ஏறுபவர் முதலில் பார்ப்பது தீவுகளை. அணை கட்டுவதற்கு முன்னர் குன்றுகளாக இருந்தவற்றின் உச்சிகள் அவை. வடகீழ்ப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரை குளத்தை நிரப்பும். மழை ஓய்ந்து நீர் இறங்க இறங்க, கரைகளிலும் தீவுகளின் ஓரங்களிலும் ஈரமண் வெளிப்பட்டு இளம்புல் முளைக்கும். யானைகளை அங்கே இழுத்து வருவது அந்தப் புல்தான். ஒரு தீவில் மேய்ந்து முடித்த கூட்டம் அடுத்த தீவுக்கு நீந்துகிறது. மார்ச் முதல் ஜூலை வரை இந்தக் காட்சிக்கு ஏற்ற காலம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி தேவைப்படும் விலங்கு, புல்லைத் தேடி ஆழ்நீரைக் கடப்பதில் வியப்பில்லை. அது கடக்கும் விதம்தான் வியப்பு. உடல் முழுவதும் நீருக்குள் இருக்கும். உச்சந்தலையும் துதிக்கை நுனியும் மட்டும் வெளியே தெரியும். இப்படி ஆழத்தில் இருந்துகொண்டு மேற்பரப்புக் காற்றை இழுத்தால் மனித நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் தாங்காது. யானையின் நுரையீரலுக்கும் நெஞ்சுக் கூட்டுக்கும் நடுவே வெற்றிடம் இல்லை, வலுவான இணைப்புத் திசு நிறைந்திருக்கிறது. அதனால் அந்த அழுத்தத்தை அது தாங்குகிறது. குட்டிகளைப் பெரிய யானைகள் நடுவில் விட்டு, பக்கத்தில் அணைத்தபடி கூட்டிச் செல்லும். 2017 ஜூலையில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து வெகு தூரத்தில் கடலில் தத்தளித்த ஒரு யானையை இலங்கைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரைசேர்த்த செய்தி உலகெங்கும் பரவியது. கடலிலேயே அவ்வளவு தூரம் மிதந்த விலங்குக்குக் குளம் பெரிதல்ல.

இதே காட்சியைத் தேடி உலகப் பயணிகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகிறார்கள். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றிலும் யானைகள் நீந்திப் போய்த் தீவுப் புல்லை மேய்கின்றன. அங்குள்ள செடுடு தீவு யாருக்கு என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் வழக்காட, 1999இல் சர்வதேச நீதிமன்றம் போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பளித்தது. அதே நாட்டின் ஒகவாங்கோ வடிநிலத்தில் மொக்கோரோ என்னும் ஒடுக்கமான ஓடத்தில், ஓடக்காரர் நின்றபடி நீண்ட கோலால் தள்ள, ஓசையின்றிப் போகலாம். அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து, உள்ளூரில் மழையே இல்லாத காலத்தில் அங்கே வந்து சேரும். கடலைத் தொடாமல், ஆவியாகியும் மணலில் ஊறியும் அங்கேயே அடங்கிவிடும். 2014இல் அது யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலின் ஆயிரமாவது இடமானது. கல்லோயாவில் நீர்யானை இல்லை, சிங்கம் இல்லை, அந்த அளவு பெரிய மந்தைகளும் இல்லை. ஆனால் மலையில் விழுந்த மழை தொலைவில் உள்ள சமவெளி விலங்குகளுக்குப் புல்லாக மாறும் கணக்கு இரண்டு இடங்களிலும் ஒன்றேதான்.

பறவை பார்ப்பவர்களுக்குச் சமுத்திரத்தின் நடுவே உள்ள பறவைத் தீவு போதும். நீர்க்காகங்களும் கொக்குகளும் அங்கே கூடு கட்டுகின்றன. கூழைக்கடாக்கள் ஆழமற்ற ஓரங்களில் மீன்பிடிக்கும். பட்டுப்போன மர உச்சிகளில் வெண்வயிற்றுக் கடற்கழுகு காத்திருக்கும். கரைச் சேற்றில் முதலைகள் வெயில் காயும்.

நில்கலைப் பக்கம் முற்றிலும் வேறு உலகம். உயரமான மானாப்புல்லுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் திரிபலாச் சூரணம் வாங்குபவர் அதன் மூன்று சரக்கையும் ஒரே வெளியில் இங்கே பார்க்கலாம். இலங்கையில் இத்தகைய புல்வெளிக் காடு அரிது. வறட்சிக் காலத்தில் இதற்குப் பெரிய பகை, மனிதர் வைக்கும் தீ. அருகேயுள்ள ரத்துகலையில் வேடர் வழியினர் இன்றும் வாழ்கிறார்கள். காட்டு நடைக்கு அவர்களே வழிகாட்டினால் மரத்தையும் தேனையும் தடத்தையும் அறிந்தவர் வாயால் கேட்கலாம். அதற்குரிய கூலி அவர்கள் கையிலேயே சேருவது நியாயம்.

படகுப் பயணத்துக்கு விடிகாலையோ பிற்பகலோ நல்லது. காற்று எழுந்தால் இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் அலை அடிக்கும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக்கூடாது. யானைக் கூட்டம் நீரில் இறங்கிவிட்டால் படகு தூரத்தில் நிற்க வேண்டும். நீந்தும் யானையைத் துரத்துவதும், அதன் முன்னால் குறுக்கே போவதும், தாயையும் குட்டியையும் பிரிப்பதும் கொடுமை. ஆழ்நீரில் அதற்கு ஓடி ஒளிய இடமில்லை; களைத்துப்போகும் குட்டி மூழ்கவும் கூடும். நல்ல படத்துக்காகப் படகோட்டியை நெருங்கிப் போகச் சொல்லும் பயணியே இதில் முதல் குற்றவாளி.

குளத்தின் ஆயுள் மலையின் மண்ணைப் பொறுத்தது. ஊவாச் சரிவுகளில் காடு அழிந்து, நீர் வடியும் கான்கள் தூர்ந்து, வெறுமையாகக் கிடக்கும் நிலத்திலிருந்து கரையும் மண், ஓடைகளோடு இறங்கிக் கீழே படிகிறது. சரிவுகளில் கான் வெட்டிப் பராமரித்து மண்ணைக் காக்கும் வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அம்பாறை வயல்களின் நெல்லிலும் இங்கினியாகலையில் நீந்தும் யானையின் வயிற்றிலும் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

லுணுகலை, மடுல்சீமை, பசறைப் பகுதித் தோட்டப் பாடசாலைகள் சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கும்போது ஒரு முறையாவது பிபிலைப் பக்கம் திருப்ப வேண்டும். தங்கள் மலையிலிருந்து இறங்கும் நீர் எங்கே போகிறது, அதில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க ஆசிரியர்களும் பெற்றோரும் வழி செய்ய வேண்டும்.