தேயிலைத் தோட்டத்துப் பாட்டும் நாடு கடத்தலும்

பெரம்பலூரும் அரியலூரும் இன்று தனித்தனி மாவட்டங்கள். 1995 வரை அவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் அப்பழைய திருச்சி மாவட்டம் முன்னணியில் நின்றது. தோட்ட முதலாளிகள் ஆள்பிடிப்புக்கென 1904 இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையிடம் திருச்சி நகரிலேயே இருந்ததென்றால் வேறு சான்று வேண்டுவதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், கடனோடு மக்கள் கப்பலேறுவர். அவ்வாறு சென்றவருள் பெரும்பகுதியினர் நம் தாழ்த்தப்பட்ட மக்களே.

கடல் கடந்தால் சாதி கரையும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். பெரிய கங்காணி பெரும்பாலும் மேற்சாதியினன். லயத்து அறைகளும் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன. விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைப்பது தோட்டத்து வழக்கம். ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்த அதே தப்பு, அங்கே துரையின் கடிகாரமாயிற்று. எனினும் மாசி பங்குனியில் காமன் கூத்தின்போது அது மீண்டும் நம்முடையதாகவே முழங்கியது.

இம்மக்களிடையே தொழிற்சங்கம் கண்டவர் தஞ்சை மாவட்டத்தவரான கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது குற்றமாயிருந்த காலத்தில் புடவை வணிகர்போல உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர் அவர். 'தேசபக்தன்' இதழை நடத்தினார். 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைப் பற்றி எழுதியோர் உளர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையைப் பற்றி எழுதியோரோ மிகச் சிலரே. இது நம் வரலாற்றாசிரியர்களின் குறை என்றே சொல்வேன்.

எழுத்தறியாத மக்களிடம் துண்டறிக்கை எவ்வளவு தூரம் செல்லும்? மீனாட்சியம்மை பாட்டைக் கையிலெடுத்தார். கூட்டம் தொடங்குமுன் அவர் பாடுவார். பாட்டைக் கேட்டு மக்கள் திரள்வர். பின்னரே சொற்பொழிவு நிகழும். பாரதியார் பாடல்களையும் பாடினார், தாமே இயற்றியவற்றையும் பாடினார். பாரதியாரோ ஆங்கில அரசின் பிடிக்கு அஞ்சி 1908 முதல் 1918 வரை பிரெஞ்சுப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தவர். அவருடைய பாடல் நூல்களைச் சென்னை அரசு 1928 இல் பறிமுதல் செய்தது. ஊரை விட்டு வாழ்ந்த கவிஞரின் பாட்டு, ஊரை விட்டுப் போன கூலிகளின் செவியில் விழுந்தது. அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்குமா?

உலகத் தொழிலாளர் பாடும் 'சர்வதேச கீத'த்தின் பிறப்பும் இத்தகையதே. 1871 இல் பாரிசுக் கம்யூன் வீழ்ந்தபின் தலைமறைவாயிருந்த நிலையில் யூஜின் பொத்தியே அதனை எழுதினார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அகதியாய் வாழ்ந்து, பொதுமன்னிப்புக்குப் பின்னரே நாடு திரும்பினார். அவர் மறைந்ததற்கு மறு ஆண்டு, 1888 இல், தெகெய்த்தர் என்னும் மரவேலைத் தொழிலாளி அதற்கு இசை அமைத்தார். தம் பாட்டை உலகம் பாடக் கேட்கும் பேறு ஆசிரியருக்கு வாய்க்கவில்லை.

மலைநாட்டில் நாடு கடத்தல் என்னும் சொல் பெரிதும் ஒலித்தது 1937 இல். ஆஸ்திரேலியாவிலிருந்து தோட்டத் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3 ஆம் நாள் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைச் சாடினார். அதே மாதம் 22 ஆம் நாள், 48 மணி நேரத்துள் நாட்டை விட்டு வெளியேறுமாறு அவருக்கு ஆளுநரின் ஆணை வந்தது. அவர் தலைமறைவானார்; மே 5 இல் கொழும்பு காலிமுகத் திடலில் திடுமென மேடையேறினார். அம்மாதமே உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஒருவரை வெளியேற்றச் சட்டம் இடந்தரவில்லை. ஆனால் இலட்சக்கணக்கானோரை வெளியேற்றச் சட்டமே இயற்றப்படும் காலம் அணுகிக்கொண்டிருந்தது. 1939 இல் அரசுத் துறைகளிலிருந்து இந்திய நாட்கூலிகள் நீக்கப்பட்டனர். 1940 சனவரியில் மூல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டில்தான் மீனாட்சியம்மையின் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் நூலாயின. பெயரே பொருளைச் சொல்லும். காட்டை அழித்து நாடாக்கியவர்களை அந்நியர் என்றவர்களுக்கு ஒரு பெண் பாட்டால் அளித்த மறுமொழி அது.

நடேசய்யர் 1947 இல் மறைந்தார். மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவும் சாத்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். போகவேண்டியவர்களைக் கேட்டு இவை எழுதப்படவில்லை. பாட்டன் கடனோடு போனான். பேரன் மண்டபம் முகாம் வழியே திரும்பினான். பலர் நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து கிள்ளினர். சொந்த ஊரைத் தேடி வந்தவர்களை ஊரார் 'சிலோன்காரர்' என்றனர். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்.

இம்மக்களின் பாடல்களைத் தொகுத்தவர் மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவரே, வாக்குரிமை பறிக்கப்பட்ட சமூகத்தின் உறுப்பினரானார். அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவரும் மறைந்தார். தலைமன்னார்க் கப்பலும் நின்றது.