எரிவாயு வாடையின் வரலாறு

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. மூக்கை உறுத்தும் அந்த அழுகிய முட்டைக்கோசு வாடை, எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலப்பதால் வருவது.

இவ்வழக்கம் பரவ ஒரு பள்ளியின் அழிவு முக்கியக் காரணம். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் நியூ லண்டன் பள்ளி, செலவைக் குறைக்க எண்ணெய் வயல் குழாயிலிருந்து மணமற்ற இயற்கை எரிவாயுவை எடுத்துவந்தது. கசிந்த வாயு தரைக்கு அடியில் தேங்கியது, ஒருவரும் அறியவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகலில் மின்கருவி ஒன்றின் பொறி பட்டுக் கட்டடம் வெடித்தது. ஏறத்தாழ 295 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் மாணவர்கள். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இது வெறும் எண்ணாகத் தெரியவில்லை. அதே ஆண்டில் டெக்சாசு மணமூட்டலைச் சட்டமாக்கியது.

இந்தியாவில் 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் எரிவாயு விற்பனையைத் தொடங்கியது. இண்டேன் 1965இல் கொல்கத்தாவில் அறிமுகமானது. பின்னாளில் நீலகிரியின் ஸ்ரீமதுரை போன்ற ஊர்களுக்கும் சிலிண்டர் வந்தது.

மழைக்குச் சன்னலைச் சாத்திய வீட்டில் வாடையின் மூலத்தை அறிவது எளிதன்று. அழுகிய வெங்காயம், செத்த எலி, சாக்கடை ஆகியவையும் கந்தக வாடையே தரும். சிலிண்டர் தீரும் தறுவாயிலும் வாடை மிகும்; மெர்காப்டன் மெதுவாக ஆவியாவதால் அடியில் செறிந்துவிடுகிறது. லேசான ஐயத்துக்கு ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாய் இணைப்பிலும் சோப்பு நீர் தடவினால் போதும். கசிவிருந்தால் குமிழி எழும். தீக்குச்சியால் சோதிப்பது கூடவே கூடாது. வாடை கடுமையாயின் சுவிட்சுகளைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியேறி, 1906ஐ அழைக்கலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேல் சன்னல் வழியே மட்டும் அது போகாது.